பத்துக்குப் பத்தில் மூன்று பேர்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று என்னை ஓட்டுநர் இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி ரோபோவைச் சுடலைமுத்து ஓட்டுவான். எனக்கு பிட் வேலை. அணியின் லாக் புத்தகத்தில் "பொறுப்புகள் மாற்றி அமைக்கப்பட்டன" என்று எழுதியாகிவிட்டது. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பிட் என்பது போட்டி அரங்கில் ஒவ்வொரு அணிக்கும் கயிறு கட்டித் தருகிற பத்தடிக்குப் பத்தடி இடம். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் ரோபோவை அங்கே கொண்டுவந்து, உடைந்ததை மாற்றி, பேட்டரி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். போன வருஷம் நாங்கள் இரண்டு அரிசிச் சாக்கு நிறைய சாமானோடு போனோம். கால் இறுதிக்கு முன்னால் ரோபோவின் எடை தூக்கும் கை உடைந்தது. தேவையான போல்ட் சாக்கின் அடியில் கிடந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் எங்களைக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

ஆக, ஒழுங்கான பிட் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். எங்கேயும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, போனதும் விரித்து வேலை பார்க்கிற மாதிரி. ஆனால் அதை நான்தான் செய்ய வேண்டுமா? அந்தக் கையை வரைந்தவன் நான்.

ரிஸ்வானா கேப்டன். வயரிங் அவளுடையது. நேராகவே கேட்டேன்.

"டிசைன் உனக்குத்தான் வரும் ஜெபா. எங்க மூணு பேருக்கும் வராது" என்றாள்.

பூசி மெழுகுகிறாள். போகட்டும்.

இந்த வருஷம் புது விதி ஒன்று. பிட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் அனுமதி. கையில் பட்டை கட்டிவிடுவார்கள். பட்டை இல்லாதவன் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். நாங்கள் நான்கு பேர். நவம்பர் நடுவில் பெயர்களை அனுப்ப வேண்டும். நான் செய்கிற பிட்டில் நான் இருப்பேன். மற்ற இரண்டு பேர் யார் என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

வரைபடம் முடிந்தது. சக்கரம் வைத்த ஒற்றை அலமாரி. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே வேலை மேசை, கீழே இருபத்துநான்கு இழுப்பறை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஃபோமில் குழி. இழுப்பறைகளுக்கு A1 முதல் D6 வரை எண். எது எங்கே என்பது என் தலையில் இருக்கிறது. அழகான வேலை. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 18, சனி

காட்டினேன்.

இசக்கிராஜ் (புரோகிராம் இவன்தான் எழுதுகிறான்) லேப்டாப் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "என்னல இது, பீரோவா? கல்யாணச் சீருக்குக் கொடுக்கலாம் போல இருக்கே. கண்ணாடி மட்டும் வைக்கல."

சுடலை ஒன்றும் சொல்லவில்லை. அவன் என் முன்னால் எப்போதும் எதுவும் சொல்வதில்லை.

ரிஸ்வானா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "இது எந்த ரயில்ல ஏறும்?"

போட்டி நடக்கிற பெங்களூருக்கு ரயிலில்தான் போகிறோம். வேன் கிடையாது என்று எங்கள் கல்லூரி அணியின் பொறுப்பாசிரியர் பொன்ராஜ் சார் போன மாதமே சொல்லிவிட்டார்.

"பார்சல்ல போடுவோம்" என்றேன்.

"பார்சல்ல போட்டா எப்ப வந்து சேரும்னு அந்தப் பார்சலுக்கே தெரியாதுல" என்றான் இசக்கி. "நாம போட்டி முடிஞ்சு திரும்பி வாறப்ப அது எதிர் ரயில்ல போவும். டாட்டா காட்டலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சுடலையும். போட்டி விதிப் புத்தகத்தை வரிக்கு வரி படித்தேன். ரயில் பெட்டியின் கதவு அகலம் அதில் போடவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லேப் பூட்டு. இசக்கி வீட்டு முறுக்கு எல்லோருக்கும் வந்ததாம். எனக்கு வரவில்லை. நான் ஊருக்குப் போயிருப்பேன் என்று நினைத்திருப்பான். விடுதியில்தான் இருந்தேன். நாள் முழுக்க வெடிச் சத்தம், ஒரு வேலையும் ஓடவில்லை.

அக்டோபர் 25, சனி

நெல்லை ஜங்ஷன். பிளாட்பாரம் டிக்கெட், மெஷரிங் டேப். நிற்கிற வண்டி ஒன்றில் நானும் சுடலையும் ஏறினோம். ரிஸ்வானாதான் அவனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

கதவு அகலம் எடுத்தோம். கழிப்பறைப் பக்கம் திரும்புகிற மூலை எடுத்தோம். என் அலமாரி கதவிலேயே நின்றிருக்கும். பிறகு சீட்டுக்கு அடியில் அளக்க நான் தரையில் படுத்தேன். மேலே ஒரு அம்மா கால் நீட்டி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சீட்டுக்கு அளவெடுக்கியோ? ஜாக்கெட்டா, பாவாடையா?"

சுடலை சிரிப்பை அடக்க முடியாமல் டேப்பை விட்டான். அது சரேலென்று சுருண்டு வந்து என் விரலில் அடித்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா அவனுக்கு ஒரு இட்லியைக் கொடுத்துவிட்டார். "நீ வாங்கிக்கோ மக்கா. கீழ கெடக்கவருக்கு அளவு முடியட்டும்."

சீட்டுக்கு அடியில் உயரம் மிகக் குறைவு. நடுவில் ஒரு கம்பி வேறு. இதற்குள் நுழைவது ஒரு பெரிய சூட்கேஸ்தான். அலமாரி செத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சுடலை கேட்டான். "ஜெபா, பீரோவை நாலாப் பிச்சா என்ன? ஆளுக்கு ஒரு பொட்டி. அவனவன் சாமானை அவனவன் தூக்குவான்."

"அதெல்லாம் மேசை ஆகாது" என்றேன்.

ஆகும். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மனதில் வரைந்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. அவன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டான்.

நவம்பர் 3, திங்கள்

நான்கு பெட்டி. பிளைவுட், ஓரங்களில் அலுமினிய ஆங்கிள். உள்ளே பழையபடி எண் போட்ட இழுப்பறைகள், ஃபோம் குழிகள். மூடியைத் திறந்தால் அதுவே ஒரு பலகை. நான்கையும் சேர்த்துப் பூட்டினால் நீளமான மேசை. கால்கள் மடங்கும். நடுவில் போடுகிற பெரிய பலகை தனி, அதை மட்டும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டாக வேண்டும். இது எரிச்சலான வேலை. மனிதர்கள் தெளிவாகப் பேசுவதில்லை. இசக்கி "எனக்கு லேப்டாப் வைக்க இடம், டீ வைக்க இடம், ரெண்டும் தூரமா" என்றான். சுடலை யோசித்துவிட்டு, "மேசைல விழுந்தது உருண்டு கீழ போகாம இருக்கணும்" என்றான். அது நல்ல யோசனை. மேசை விளிம்பைச் சுற்றி ஒரு சின்னக் கட்டை அடித்தேன்.

ரிஸ்வானா, "உயரம் பாத்துக்கோ" என்றாள்.

"எல்லாம் பெஞ்சு உயரம்தான்."

"யாரு பெஞ்சு?"

லேபில் அவள் இடத்தில் ஒரு பெயின்ட் டப்பா கவிழ்த்துக் கிடக்கும். யாரோ விட்டுப் போனது என்று நான்கு வருஷமாக அதை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இன்று அவள் அதன்மேல் ஏறி நின்று சால்டர் செய்வதைப் பார்த்தேன். அவள் பெட்டியின் கால்களை மட்டும் குட்டையாக்கினேன். மேசை ஒரு பக்கம் படியாக இறங்குகிறது. பார்க்க நன்றாக இல்லை. வேலை செய்கிறது.

நவம்பர் 8, சனி

முதல் ஒத்திகை. ஆய்வகத் தாழ்வாரத்தில் பத்துக்குப் பத்து சதுரம் போட வேண்டும். ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டது. வாசலில் கிடந்த கோலமாவை எடுத்துச் சுடலை கோடு இழுத்தான். நேராக இருந்தது.

ரோபோவின் கையைக் கழற்றி, பல்சக்கரம் மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். உள்ளே நான், சுடலை, இசக்கி. ரிஸ்வானா வெளியே போனில் நேரம் பார்த்தாள்.

குழப்பம். சுடலை கையை நீட்டி, "நெட்டையை எடு" என்றான்.

"நெட்டைன்னா?"

"அதான்ல, நீளமான ஆலன் கீ."

"அது பி-மூணு. பி-மூணுன்னு கேளு."

"பி-மூணா? ரேசன் கடை கார்டா வச்சிருக்கேன் நான், நம்பர் சொல்ல?" என்றான் இசக்கி.

எண் வைத்தால் யாருக்கும் குழப்பம் வராது என்று விளக்கினேன். விளக்குகிற நேரத்தில் ஆட்டமே முடிந்திருக்கும் என்றாள் ரிஸ்வானா. நானே இழுப்பறையைத் திறந்தேன். நானே கீயை எடுத்தேன். எடுத்தவன் நானே முடுக்கினால் என்ன என்று முடுக்கியும் விட்டேன். சுடலை எழுந்து நின்றுகொண்டான். கோலக் கோட்டை மிதித்து அழித்தது யார் என்று தெரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

எண்களைச் சுரண்டி எடுத்தேன். ஒரு நாள் முழுக்க லேபில் உட்கார்ந்து அவர்கள் எதை எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் கவனித்தேன். பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று பொன்ராஜ் சார் கேட்டார்.

நீள ஆலன் கீ: நெட்டை. வளைந்த மூக்குக் குறடு: கொக்கு. மல்டிமீட்டர்: டாக்டர். பேட்டரியைக் கட்டுகிற பட்டை: அரைஞாண். இது இசக்கி வைத்த பெயர். இந்தப் பெயர்களையெல்லாம் நான் கேட்டதே இல்லையா, அல்லது நான் இருக்கும்போது சொல்வதில்லையா?

பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். NETTAI என்று ஆங்கிலத்தில் எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம். நெட்டை.

நவம்பர் 12, புதன்

வேகம் வந்துவிட்டது. எல்லாப் பெயரும் கைக்குப் பழகிவிட்டது. மூன்று மூன்று பேராக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். சுடலை, ரிஸ்வானா, இசக்கி மூவரும் உள்ளே இருந்தபோது வந்த நேரம்தான் இதுவரை வந்ததிலேயே சிறந்தது.

அளவுப் பிழை. நான் வெளியே நின்று நேரம் பார்த்தேன், தொடங்குகிற பொத்தானைத் தாமதமாக அமுக்கியிருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

மறுபடி ஓட்டினோம். போனை முக்காலியில் வைத்து வீடியோ எடுத்தேன், அதில் பிழைக்கு இடமில்லை. அதே முடிவு. நான் இருக்கிற மூவர் கூட்டு எதுவானாலும் பின்தங்குகிறது.

மதியம் அறையில் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட்டி, நேரம் எங்கே கசிகிறது என்று பார்த்தேன். சுடலை முடுக்குகிறான், நிற்கிறான். முடுக்குகிறான், நிற்கிறான். ஏன் நிற்கிறான்? பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் படத்துக்குள் ஒரு கை வருகிறது. வாட்ச் கட்டிய கை. கை வந்ததும் அவன் போல்ட்டைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறான். என்னுடைய கை.

நான் இல்லாத வீடியோவில் அவன் நிற்பதே இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டே முடுக்குகிறான். அவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

காரணம் இட நெருக்கடி. நான் ஆறடி. பத்துக்குப் பத்தில் ஆறடி ஆள் ஒருவன் நின்றால் மற்றவர்களுக்கு முழங்கை மடக்க இடமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பெயர் அனுப்பக் கடைசி நாள். கேன்டீனில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. ரிஸ்வானா தொண்டையைச் செருமினாள். எதையோ சொல்லத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஜெபா, அந்த மூணு பேரு விசயம்..."

"சுடலை, இசக்கி, நீ" என்றேன். "அளந்தாச்சு. அதான் வேகம்."

இசக்கி தன் டம்ளருக்குள் பார்த்தான்.

"நான் உயரம். இடம் பத்தாது" என்றேன்.

"ஆமா," என்றாள் ரிஸ்வானா. "உயரம்தான்."

பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இசக்கி எழுந்து போய்ப் பரோட்டா வாங்கி வந்தான். சால்னா அதிகமாக ஊற்றச் சொல்லியிருந்தான்.

அளவு சொல்கிறதைச் செய்வதுதான் இன்ஜினீயரிங். இதில் வேறொன்றும் இல்லை.

நவம்பர் 15, சனி

வேலை எதுவும் ஓடவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ரயில். நான்கு பெட்டியும் சீட்டுக்கு அடியில் சரசரவென்று நுழைந்தன. பெரிய பலகையை மேல் பெர்த்தில் போட்டு, அதன்மேல் போர்வை விரித்து இசக்கி படுத்துக்கொண்டான். டிக்கெட் பரிசோதகர் வந்து, "இது என்னப்பா, சவப்பெட்டியா?" என்றார். "ஆள் இன்னும் உயிரோடதான் சார் இருக்கேன்" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

என் பெட்டியில் உதிரிபாகம் மட்டும்தான். கருவியெல்லாம் மற்ற மூன்றில். அதனால் என்னுடையதுதான் எல்லாவற்றிலும் கனம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினோம். சுடலை எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ரோபோவின் கையைக் கழற்றி மாட்டுகிற வரிசையை ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா என்றான். சொன்னான். மூன்றாவது இடத்தில் நான் செய்வதற்கும் அவன் செய்வதற்கும் வித்தியாசம் இருந்தது. அவன் கையின் மூட்டு முழுவதையும் கழற்றுகிறான். தேவையில்லாத வேலை. சொல்லலாம் என்று பார்த்தேன். மதுரை வந்துவிட்டது.

நவம்பர் 22, சனி

பெங்களூர். குளிர். பெட்டிகளை விரிப்பதை மட்டும் நான் செய்யலாம் என்று அனுமதித்தார்கள். பிறகு மூன்று பேருக்கும் மஞ்சள் பட்டை கட்டினார்கள். நான் கயிற்றுக்கு வெளியே வந்தேன்.

காலை இரண்டு ஆட்டமும் நன்றாகப் போயின. மூன்றாவதில் எதிர் அணியின் ரோபோ பக்கவாட்டில் வந்து மோதியது. எங்கள் கை பாதி தூக்கிய நிலையில் தொங்கிவிட்டது. அதே கை. தள்ளிக்கொண்டு பிட்டுக்கு ஓடி வந்தார்கள். அடுத்தது கால் இறுதி.

வெளியிலிருந்தே தெரிந்தது. பல்சக்கரத்தில் பல் போய்விட்டது. மேல் மூடியைக் கழற்றி, சக்கரத்தை மாற்றி, மூடினால் போதும். நான் என்றால் அதைத்தான் செய்வேன்.

சுடலை மூடியைக் கழற்றவில்லை. குனிந்து, மூட்டு முழுவதையும் கழற்ற ஆரம்பித்தான்.

வாய் திறந்துவிட்டேன். "சு" என்று சத்தம்கூட வந்தது. அவன் காதில் விழவில்லை. கயிற்றைப் பிடித்திருந்திருக்கிறேன் போல. கயிறு கட்டிய கம்பம் சாய்ந்தது. தொண்டர் பையன் ஒருவன் வந்து, பின்னால் நில்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். நின்றேன். இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உள்ளே, "நெட்டை." "இந்தா." "கொக்கு." "இந்தா." "ரிஸ்வானா, டாக்டரைக் காட்டு." "வயரு உயிரோட இருக்கு, நீ மூடு." இசக்கி ஏதோ சொன்னான், மூவரும் சிரித்தார்கள். அந்த நிலையிலும்.

எங்கள் அணியைக் கூப்பிட்டார்கள். அரைஞாணைக் கட்டிக்கொண்டே ரோபோவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என்னைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

ஆட்டம் பார்க்க நான் போகவில்லை. பிட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மேசைமேல் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. திறந்த இழுப்பறைகளை வரிசையாகப் பார்த்தேன். பல்சக்கரம் இருந்த இடம் காலி. சரி. என் உதிரிப் பெட்டியில் புஷ் (அச்சு சுழல்கிற சின்ன வளையம்) வைத்திருந்த குழியும் காலி. புஷ் எதற்கு? மேசை விளிம்புக் கட்டையில் முட்டி நின்றது பழைய புஷ். குறுக்கே விரிசல்.

அது மூட்டுக்குள்ளே இருப்பது. மூடியை மட்டும் கழற்றியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. புதுச் சக்கரம் போட்டு, அந்தப் புஷ்ஷோடு அனுப்பியிருந்தால், முதல் எடையைத் தூக்கும்போதே மறுபடி போயிருக்கும்.

அரங்கிலிருந்து பெரிய சத்தம் வந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இசக்கி ஓடி வந்தான். "ஏல, செயிச்சாச்சு! பாத்தியா?"

"இல்ல."

"பின்ன இங்கன நின்னு என்ன பண்ணுத?"

"சாமான் கெடக்குல்லா."

பின்னால் சுடலை வந்தான். வேர்வை. நான் புஷ்ஷைக் காட்டினேன். "இது எப்பிடித் தெரிஞ்சுது?"

"ஓட்டுறப்ப கை லேசா நடுங்குச்சு" என்றான். "சக்கரம் போனா மட்டும் அப்பிடி நடுங்காது."

நான் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எனக்கும் நடுங்கியிருக்கும்.

"நல்லா பாத்திருக்க" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கிண்டல் என்று நினைத்தானோ என்னவோ. "நெசமாத்தான்ல" என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

அரை இறுதியில் தோற்றோம். எதுவும் உடையவில்லை. அவர்கள் வேகமானவர்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் சாமானைக் கட்டினோம். கயிற்றை எடுத்துவிட்டார்கள், இனி யாரும் எங்கும் நிற்கலாம். நான் உள்ளே போனேன். செய்ய ஒன்றுமில்லை. அவரவர் பெட்டியை அவரவர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கொக்கு கொக்கின் குழியில், டாக்டர் டாக்டரின் குழியில். இசக்கி ஒரு ஸ்பேனரைத் தப்பான இடத்தில் வைத்தான். அவனே பார்த்து மாற்றி வைத்தான். நடுவில் நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

சுடலை பெரிய பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

"ஏல ஜெபா, சும்மா நிக்காத. அந்த முனையைப் பிடி. உயரமாப் பிடிக்காத, எனக்கு எட்டாது. ஆங், இன்னும் கீழ. அப்பிடியே வா."

பிடித்தேன். கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்ன வேகத்தில் நடந்தேன்.